ஊர்ப் பேரில் இருக்கிற சேரி

(வீராம்பட்டினத்தில் மாணவர்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியது. பதிவிலிருந்து எழுதும்போது சில இடங்களைத் திருத்தியிருக்கிறேன். பேச்சுமொழியை முழுசாக எடுத்துவிட மனம் வரவில்லை.)



கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தேன். மஞ்சள் சுவர், சுவர்மேல் காகிதப்பூ, கீழே சாத்தி வைத்த ஒரு சைக்கிள். மேலே ஆங்கிலத்தில் பாண்டிச்சேரி என்று எழுத்து. ஆள் யாரும் இல்லை. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ரயில் நிலையத்தில், ஓட்டல் வரவேற்பறையில், சென்னையிலிருந்து வருகிற பஸ்ஸில், எல்லா இடத்திலும் இதே படம்தான். மஞ்சள் சுவர் இருக்கும், பூ இருக்கும், ஆள் இருக்க மாட்டான்.

அந்தச் சுவர் இருக்கிற தெருவை எனக்குத் தெரியும். என் அம்மா இருபத்திரண்டு வருஷம் அந்தப் பக்கத்துத் தெருக்களைப் பெருக்கியவள். ஒப்பந்தக் கூலி. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி அரியாங்குப்பம் பாலம் தாண்டி நடந்து போவாள். கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரைக்கும் வண்டி விடமாட்டார்கள் இல்லையா, அந்த நேரத்தில் உலாத்துகிறவர்கள் போட்டுவிட்டுப் போகிற குப்பை முழுவதும் விடிவதற்குள் போயிருக்க வேண்டும். சுற்றுலாத் துறைக்கு ஒரு விளம்பர வாசகம் உண்டு. 'கிவ் டைம் எ பிரேக்'. நேரத்துக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் என்று அர்த்தம். அம்மாவிடம் இதை ஒருநாள் தமிழில் சொன்னேன். "யாரு குடுக்கறது, யாருக்கு?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இப்போது அந்தத் தெருக்களில் கல்யாணத்துக்கு முன்னால் படம் எடுக்க வருகிறார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் மஞ்சள் சுவரில் சாய்ந்து நிற்பார்கள். காலை வெயில் நன்றாக இருக்கும் என்று ஆறு மணிக்கே வந்துவிடுவார்கள். அம்மா வேலையை விடுவதற்கு முந்தைய வருஷம், ஒரு கேமராக்காரப் பையன் மரியாதையாகத்தான் சொன்னானாம்: "அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க, ஃபிரேம்ல வர்றீங்க." அம்மா துடைப்பத்தோடு தள்ளி நின்றிருக்கிறாள். அவள் பெருக்கிய தெரு படத்தில் விழுந்தது. அவள் விழவில்லை. நான் இன்றைக்குப் பேச வந்தது இந்தத் தள்ளி நிற்பதைப் பற்றித்தான். ஒரு நகரம் தன்னை விற்பதற்காகச் சட்டம் போட்டு மாட்டுகிற படத்துக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதுதான் விஷயம்.

முதலில் ஊர்ப் பேரை எடுத்துக்கொள்வோம். 2006-ல் பாண்டிச்சேரியை அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆக்கினார்கள். நல்லது. ஆனால் விற்கிற இடத்தில் இன்னும் பாண்டி, பாண்டிதான். சேரி என்ற சொல்லை நாக்கு முடிந்தவரை கழற்றிவிடப் பார்க்கிறது. பழைய தமிழில் சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். பார்ப்பனச்சேரியும் இருந்தது. சோழர் கல்வெட்டுகளுக்கு வரும்போது ஊருக்கு நடுவில் இருப்பது ஒன்று, பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்று ஒதுக்கி எண்ணப்படுவது வேறு என்று ஆகிவிடுகிறது. பிறகு மற்றவர்கள் எல்லாம் அந்தச் சொல்லைக் கழற்றி எங்கள் தலையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பேரிலேயே சேரியை வைத்துக்கொண்டிருக்கிற ஊர், தன் வரைபடத்தில் சேரியைக் காட்டுவதில்லை.

வரைபடத்தைப் பாருங்கள். சுற்றுலாக்காரன் கையில் கொடுப்பதை. கடலோரம் வெள்ளைப் பகுதி, அதற்கு மேற்கே தமிழ்ப் பகுதி. நடுவில் கோடு போட்டமாதிரி பெரிய வாய்க்கால். பிரெஞ்சுக்காரன் காலத்தில் ஒன்றுக்கு வெள்ளை நகரம், மற்றதுக்குக் கறுப்பு நகரம் என்று பேர். அதற்கு முன்னால் 1693-லிருந்து 1699 வரை டச்சுக்காரர்கள் இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்தபோதே குறுக்கும் நெடுக்குமாகத் தெருத் திட்டம் போட்டார்கள். தெருவுக்கு ஒரு தொழில், தெருவுக்கு ஒரு சாதி. நேர்கோட்டுத் தெரு என்று இன்றைக்கு மெச்சுகிறார்களே, அந்த நேர்கோட்டில் சாதியை அடுக்குவது வசதியாக இருந்தது என்பதை எந்தக் கையேடும் எழுதுவதில்லை. இதில் கவனிக்க வேண்டியது, 'இரண்டு நகரம்' என்கிற இந்தக் கணக்கு. வெள்ளையன் ஒருபக்கம், தமிழன் ஒருபக்கம் என்று சொல்லும்போது நமக்கும் காலனிய எதிர்ப்பு உணர்ச்சி வந்துவிடுகிறது. ஆனால் நகரம் இரண்டு அல்ல, மூன்று. புல்வாருக்கு வெளியே, உப்பாற்றுப் பக்கம், சுடுகாட்டுப் பக்கம், மூன்றாவது ஒன்று இருந்தது. கறுப்பு நகரத்துக்குள்ளேயே நமக்கு இடமில்லை. தமிழர் பகுதி என்று பலகை மாட்டும்போது அந்தத் தமிழரில் நாம் சேர்த்தியா என்று கேட்கவேண்டியிருக்கிறது. இப்போது சிலர் 'வைட் டவுன்' என்ற பேர் அசிங்கம், 'ஹெரிடேஜ் டவுன்' என்று வைக்கலாம் என்கிறார்கள். வைக்கட்டும். பலகை மாறுவதால் பெருக்குகிற கை மாறப்போவதில்லை.

பாரம்பரிய நடை என்று ஒன்று கூட்டிப் போகிறார்கள். காசு கொடுத்து ஒருதடவை நானும் போனேன், பின்னால் நின்றுகொண்டு. வைசியாள் வீதிக்கு அழைத்துப் போனார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது பெற்ற தெரு. பேரைக் கேளுங்கள், வைசியாள் வீதி. வர்ணத்தின் பேர் தெருவின் பேர். வழிகாட்டி அந்தத் தெருத் திண்ணைகளைக் காட்டிச் சொன்னார்: "வழிப்போக்கர் யார் வந்தாலும் உட்கார்ந்து இளைப்பாறத்தான் இந்தத் திண்ணை. தமிழர்களின் விருந்தோம்பல் பண்பாடு." வந்தவர்கள் படம் எடுத்தார்கள். ஒரு பிரெஞ்சுக்காரப் பாட்டி உட்கார்ந்தும் பார்த்தார். என் பாட்டி இந்த மாதிரித் தெருக்களில் கக்கூஸ் கூடை தூக்கியவள். முன்வாசல் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது, கொல்லைப்பக்கம் மட்டும் தெரியும். யார் வந்தாலும் என்ற சொல்லில் பாட்டி இல்லை. இதை நான் அங்கே சொல்லவில்லை. தொண்டை வரைக்கும் வந்தது, சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த வெட்கம்தான் இன்றைக்கு இங்கே பேச வைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திண்ணையை இடிக்கச் சொல்லவில்லை. நல்ல மரத்தூண், நல்ல தளம், செய்தவன் கைவேலை அழகாகத்தான் இருக்கிறது. அங்கே யார் உட்காரக்கூடாது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அது வரலாறு. விட்டுவிட்டுச் சொன்னால் விளம்பரம்.

சம்பா கோயிலுக்கும் அழைத்துப் போவார்கள், மிஷன் வீதியில். இப்போதிருக்கிற கட்டடம் 1791-ல் முடிந்தது. அதற்கு முன்பு அங்கே இருந்த கோயிலை 1761-ல் ஆங்கிலேயர் இடித்தார்கள். அந்தப் பழைய கோயிலுக்குள் ஒரு சுவர் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளை 1745-ஆம் வருஷத்து நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். வடபக்கம் ஒரு சுவர். அதற்கு ஒருபுறம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபுறம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும் வெள்ளைக்காரர்களும். சேரிக் கிறிஸ்தவர்கள் திரண்டு போய்ப் பாதிரியாரிடம் கேட்டார்கள், நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு மட்டும் ஏன் சுவர் என்று. சுவரை இடிக்கச் சொல்லி உத்தரவாயிற்று. உடனே சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப் போனார்கள். பிள்ளை நமக்கு நட்பாக எழுதியவர் இல்லை. அவருக்கு இது ஊர் வம்பு. ஆனாலும் எழுதிவிட்டார், அது போதும். தோழர்களே, கோயில் நுழைவு என்றால் வைக்கம், மதுரை மீனாட்சி கோயில் என்று படிக்கிறோம். பிரெஞ்சுப் புரட்சிக்கு நாற்பத்து நாலு வருஷம் முன்னால், சமத்துவம் சகோதரத்துவம் என்று பாரிஸ்காரன் எழுதுவதற்கு முன்னால், இந்த ஊரில் நம் ஆட்கள் கேட்டுச் சுவரை விழ வைத்திருக்கிறார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை சுற்றுலாப் பட்டியலில் இருக்கிறது. அவர் எழுதிவைத்த இந்தச் செய்தி இல்லை. பாரதி இருந்த வீடு இருக்கிறது. 1913-ல் பாரதி பூணூல் போட்டுவிட்ட நம் கனகலிங்கத்தின் பேரை எந்த வழிகாட்டி வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. பூணூல் போட்டது சரியா என்பது வேறு சண்டை, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இனி இந்த ஊருக்கு, வீராம்பட்டினத்துக்கு வருகிறேன். இங்கே பேசும்போது கவனமாகப் பேச வேண்டும். இது மீனவர் ஊர். எங்கள் சேரி இங்கிருந்து நடந்து போகிற தூரம். நமக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரம் உங்களையும் எங்களையும் ஒரே மாதிரிதான் நடத்துகிறது. உங்களுக்கு வருஷத்தில் ஒருநாள் படத்தில் இடம் உண்டு, அதுதான் வித்தியாசம். ஆடி வெள்ளியில் செங்கழுநீர் அம்மன் தேர். வலையில் சிக்கிய மரக்கட்டையை வெட்டப்போனபோது ரத்தம் வந்தது என்ற கதை உங்கள் பாட்டிமார் சொன்னது. பிரெஞ்சுக் கவர்னர் வந்து வடம் பிடிப்பார். அந்த வழக்கம் இன்றைக்கும் நிற்கவில்லை, துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் பிடிக்கிறார்கள். பேப்பரில் வருவது அவர்கள் கை. மீதி வடம் முழுவதும் பிடித்த கைகள் ஓரத்தில் மங்கலாகத் தெரியும். எங்கள் பக்கத்தில் வேறொரு ஊர், பேர் வேண்டாம், அங்கே தேர் எங்கள் தெரு முனை வரைக்கும் வந்து திரும்பிவிடும். சின்ன வயசில் தேருக்கு ரிவர்ஸ் கியர் இருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

மற்ற நாட்களில் உங்கள் ஊரிலிருந்து அவர்களுக்கு வேண்டியது மணல். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பத்து ஆறு கடலில் சேருமிடத்தில் கல் கொட்டிக் கரை நீட்டினார்கள். வருஷத்தில் பெரும்பகுதி மணல் தெற்கேயிருந்து வடக்கே நகரும். கல்லில் தடுக்கி உங்கள் பக்கம் மேடானது, நகரத்தின் கடற்கரை கரைந்து பாறாங்கல்தான் மிஞ்சியது. கடற்கரை நகரம் என்று விற்பார்கள், கால் நனைக்க மணல் இல்லை! செயற்கையாகத் தடுப்பு போட்டு இப்போதுதான் கொஞ்சம் மணல் வந்திருக்கிறது. ஆகவே தெற்கே திரும்பினார்கள். சின்ன வீராம்பட்டினம் கடற்கரைக்கு ஈடன் என்று பேர் வைத்தார்கள். 2021-ல் அதற்கு நீலக்கொடி கிடைத்தது. டென்மார்க்கில் தலைமையகம் வைத்திருக்கிற அமைப்பு, 33 நிபந்தனை வைத்துக் கொடுப்பது. தண்ணீர் சுத்தம், கழிப்பறை, பாதுகாப்பு, எல்லாம் நல்ல நிபந்தனைதான். கருவாடு காயவைப்பது, வலை பிரித்துப் போடுவது, கட்டுமரம் ஏற்றி வைப்பது, இவை அந்த 33-ல் எந்த நம்பரில் வரும் என்று இங்கே இருக்கிற அண்ணன்மார்தான் கேட்க வேண்டும். ஈடன் என்றால் ஏதேன் தோட்டம். அங்கிருந்து முதலில் வெளியேற்றப்பட்டது யார் என்று வேதம் படித்தவர்களுக்குத் தெரியும்.

காலையில் நீங்கள் பார்த்த அரிக்கமேடு. என்ன பார்த்தீர்கள்? ஒரு பாழடைந்த மதில், மாந்தோப்பு, ஆறு. 'ரோமானிய வணிகத் துறைமுகம்' என்ற பேச்சு. அந்த மதில் ரோமானியனுடையது இல்லை, பதினெட்டாம் நூற்றாண்டுப் பாதிரிகள் கட்டியது. இந்த இடத்தை வெளியுலகத்துக்கு முதலில் எழுதியவர்களில் ஒருவர் லெ ழாந்தீல் என்ற பிரெஞ்சு வானவியல்காரர். பாவம் அந்த மனுஷன். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க 1761-ல் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது, இறங்க முடியவில்லை. எட்டு வருஷம் இந்தப் பக்கங்களிலேயே காத்திருந்து 1769-ல் இங்கே கருவியோடு நின்றால், அன்றைக்குப் பார்த்து மேகம் மூடிக்கொண்டது. சுக்கிரன் தெரியவில்லை. ஆனால் வீராம்பட்டினத்துப் பக்கம் பழைய செங்கல்லையும் ஒரு புத்தர் சிலையையும் பார்த்து எழுதி வைத்தார். காக்காயந்தோப்பில் புத்தர் இருந்தார், தோழர்களே. பக்கத்து மேட்டின் பேரே அருகன் மேடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் ஆரம்பித்து, நாம் பூர்வ பௌத்தர்கள் என்றபோது சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சிலையை வைத்து அது நம்முடையது என்று நான் பட்டா எழுதப் போவதில்லை. ரோமானியனுக்குக் கொடுக்கிற பலகையில் பாதியாவது புத்தருக்குக் கொடுக்கலாமே என்கிறேன்.

1937-ல் ழூவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுக்காரப் பேராசிரியருக்கு இங்கிருந்து ஒரு கல் கிடைத்தது. தலை ஒன்று செதுக்கிய சின்ன மணிக்கல். அகஸ்டஸ் சீசர் தலை என்றார் அவர். அதன்பிறகுதான் 1945-ல் வீலர் வந்து தோண்டினார், ரோமானிய மண்பாண்டம் கிடைத்தது, உலகம் முழுக்கப் பேர். அந்தக் கல் அவர் கைக்கு எப்படி வந்தது? இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மண்ணில் பொறுக்கியது. மழை பெய்தால் மணி மேலே வரும், பிள்ளைகள் பொறுக்கிக் கொடுத்துக் காசு வாங்குவார்கள். பேராசிரியர் பேர் புத்தகத்தில், வீலர் பேர் பலகையில். பொறுக்கிய பிள்ளையின் பேர் எங்கே? அதைவிடப் பெரிய கேள்வி, அந்த மணியைச் செய்தவன் யார்? ரோமானியன் வாங்க வந்தவன். கண்ணாடியை உருக்கி, இழுத்து, நறுக்கி, தேய்த்து, ஆயிரக்கணக்கில் மணி செய்து கீழைக்கடல் முழுக்க அனுப்பிய கைகள் இந்த மண்ணின் கைகள். வாங்க வந்தவன் பேரில் ஊரை விற்கிற வழக்கம் இரண்டாயிரம் வருஷமாக மாறவில்லை.

கப்பல் என்றதும் இன்னொன்று. கடற்கரையில் பழைய துறைமுகப் பாலத்தின் தூண்களைக் காட்டி அழகு என்கிறார்கள். இந்தக் கரையிலிருந்துதான் ஆட்களை ஏற்றினார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் அடிமைகளாக, மொரீஷியஸுக்கும் ரெயூனியனுக்கும். அடிமை முறை ஒழிந்தபின் ஒப்பந்தக் கூலிகளாக. 'ஒரேலி' என்ற கப்பல் 1853-ல் மார்த்தினீக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் முதல் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. பிறகு மார்த்தினீக்குக்கு ஏறக்குறைய 25 ஆயிரம், குவாதலூப்புக்கு 42 ஆயிரம் பேர். புதுச்சேரியும் காரைக்காலும்தான் முக்கியமான வாசல். போனவர்களில் நம் ஜனம் எவ்வளவு என்று சொல்லவும் வேண்டுமா? அங்கே இன்றைக்கும் மாரியம்மனுக்குக் கும்பிடுகிற பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். பிரெஞ்சுத் தொடர்பு, பிரெஞ்சுத் தொடர்பு என்கிறார்களே, கரும்புத் தோட்டத்தில் செத்தவனைவிடப் பெரிய பிரெஞ்சுத் தொடர்பு யாருக்கு இருக்கிறது?

அப்பா ரோடியர் மில்லில் வேலை பார்த்தவர். 1936 ஜூலை 30-ல் சவானா மில் தொழிலாளிகள் 12 பேரைப் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டுக் கொன்ற கதையை அவர் அப்பா சொல்லக் கேட்டவர். அந்த ரத்தத்துக்குப் பிறகுதான் எட்டு மணி நேர வேலை வந்தது. 2020-ல் ரோடியர் மில், சுதேசி, பாரதி மூன்றையும் மூடியாயிற்று. அப்பாவுக்குச் சேர வேண்டிய பாக்கியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்தக் கூட்டம் முடியாது. விஷயம் இதுதான்: உற்பத்தி செய்கிற ஊராக இருந்தது, பார்க்கிற ஊராக ஆகிவிட்டது. பார்க்கிற ஊரில் நம் வேலை துடைப்பது.

போன மாதம் ஒரு தம்பி கேட்டான். "அண்ணே, டூரிசத்தாலதான் நாலு பேருக்கு வேலை கிடைக்குது. அதையும் குத்தம் சொன்னா எப்படி?" நியாயமான கேள்வி. என் அக்கா மகன் ஓட்டல் மேலாண்மை படித்தான். ஆங்கிலம் பேசுவான், பிரெஞ்சு கொஞ்சம். ஒரு பாரம்பரிய ஓட்டலில் வரவேற்பறை வேலைக்குப் போனான். பேர் கேட்டார்கள், படிப்பு கேட்டார்கள், பிறகு "எந்த ஏரியா?" என்று கேட்டார்கள். சொன்னான். அறை சுத்தம் செய்கிற பிரிவில் இடம் இருக்கிறது என்றார்கள். வெளியே சுவரில் அதே மஞ்சள் வண்ணம். வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, தம்பி. முன்வாசல் வேலை யாருக்கு, கொல்லைப்பக்கத்து வேலை யாருக்கு என்றுதான் கேட்கிறோம். என் பாட்டிக்கும் கொல்லைப்பக்கம், என் அக்கா மகனுக்கும் கொல்லைப்பக்கம் என்றால் நடுவில் போன எழுபது வருஷம் எங்கே?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாரிஸிலிருந்து வருகிறவனுக்கு இந்த ஊர் இரண்டாவது வீடு என்று வரவேற்பு. ஆனால் விழுப்புரம் மாவட்டத்து எல்லையில், வயல் வரப்பு தாண்டினால் வருகிற கிராமத்திலிருந்து இங்கே கல்யாணமாகி வந்த நம் பெண்ணின் கதை வேறு. 1964 மார்ச் 5-ல் புதுச்சேரிக்கென்று தனி அட்டவணைச் சாதி ஆணை வந்தது. அந்தத் தேதியில் குடும்பம் இங்கே இருந்ததற்குச் சான்று காட்டு என்கிறார்கள். இல்லையென்றால் நீ வெளியிலிருந்து வந்தவள். ஒரே சாதி, ஒரே இழிவு, வரப்புக்கு அந்தப் பக்கம் பிறந்ததால் சலுகை கிடையாது. சேரிக்காரன் ஊரை விட்டுத் தள்ளி வைக்கப்பட்டவன், அவனிடம்போய் ஊரில் இருந்ததற்குக் காகிதம் கேட்கிறார்கள். பூர்வீகம், வந்தேறி என்று நமக்குள்ளேயே கோடு கிழித்து நாமும் அடித்துக்கொள்கிறோம். பெரிய வாய்க்காலைவிட ஆழமான வாய்க்கால் இது. இதற்குப் பாரம்பரியச் சின்னம் என்று பலகை வைக்கலாம்.

நாளைக்கு அவர்களே நம்மிடம் வருவார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. சேரியைப் பார்க்க ஒரு நடை, சேரிச் சாப்பாடு, பறையாட்டம் அரைமணி நேரம், தலைக்கு இவ்வளவு ரூபாய். அப்போது நாம் படத்துக்குள் வந்துவிட்டோம் என்று சந்தோஷப்படக் கூடாது. யார் கையில் கேமரா என்று பார்க்க வேண்டும். பறையை யார் அடிக்கச் சொல்கிறான், நிறுத்தச் சொல்வது யார் என்று பார்க்க வேண்டும்.

அதனால் மாணவர்களாகிய உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாமே ஒரு நடை போவோம். காசு கிடையாது, தொப்பி கிடையாது. காலை நாலு மணிக்கு அரியாங்குப்பம் பாலத்தில் சேருவோம், அம்மா போன வழியில். கடற்கரைச் சாலையில் வேலை செய்கிற அக்காமார்களோடு கொஞ்ச நேரம் உட்காருவோம், அவர்களுக்கு நேரம் இருந்தால். அங்கிருந்து சம்பா கோயில், சுவர் இருந்த கதையை அங்கே வாய்விட்டுச் சொல்வோம். பிறகு வைசியாள் வீதி. இந்தத் தடவை நான் பேசாமல் வரமாட்டேன். மில் கேட், புல்வாருக்கு வெளியே நம் தெருக்கள். ஒவ்வொரு இடத்திலும் கேட்பதை எழுதிக்கொள்ளுங்கள். கிழவிகள் சொல்வதைத் திருத்தாமல் எழுதுங்கள். எல்லாம் சேர்ந்ததும் நாமே ஒரு வரைபடம் போட்டு அச்சடிப்போம்.

அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். முட்டி வலி அவளுக்கு. மெதுவாகத்தான் நடக்க முடியும், அவசரப்படாதீர்கள்.